ஹாஸ்பிஸ் நல்லதா இல்லையான்னு சேர்க்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா? சேலம், ஏற்காடு பக்கம்

மலைமிளகு | 4 ஆகஸ்ட், மாலை 6.12

அம்மாவுக்கு 68 வயசு. கருப்பை வாய்ப் புற்று. இனி கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எதுவும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். வீடு நாகலூர் தாண்டி. ஹாஸ்பிஸ்னு, அதாவது குணமாகாத நோய்ல வலி தெரியாம கடைசி வரைக்கும் பார்த்துக்கறவங்கன்னு, ரெண்டு இடம் பார்த்திருக்கோம். ஒண்ணு சேலத்துல தங்க வெச்சுப் பார்க்கற இடம்: புதுக் கட்டடம், டைல்ஸ், வாசல்ல ஆம்புலன்ஸ். இன்னொண்ணு வீட்டுக்கே வந்து பார்க்கற குழு, ஆபீஸ்னு பார்த்தா ஒரே ரூம். எனக்கு முதல் இடம்தான் தரமா தெரியுது. சரிதானே?

வலிநிவாரணி | 4 ஆகஸ்ட், இரவு 9.30

கட்டடத்தை விடுங்க. ரெண்டு இடத்துக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல போன் போடுங்க. "மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டாங்க, வலி பத்துக்கு எட்டுன்னு சொல்றாங்க. இந்த மாதிரி ஆனா என்ன பண்ணுவீங்க?" இதை மட்டும் கேளுங்க.

நல்ல குழு திருப்பிக் கேள்வி கேட்கும். மாத்திரை போட்டு எத்தனை நிமிஷத்துல வாந்தி வந்துச்சு, மாத்திரை முழுசா வெளிய வந்துச்சா, மோஷன் போய் எத்தனை நாள், சிறுநீர் போகுதா, கூப்பிட்டா கண்ணு முழிக்கறாங்களா. அரை மணிக்குள்ள வாந்தின்னா பெரும்பாலும் அதே டோஸைத் திரும்பக் கொடுக்கச் சொல்வாங்க. வாய் வழியா எதுவும் நிக்கலைன்னா தோலுக்கு அடியில போடற ஊசிக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. "காலையில கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்றவங்க கிட்ட மீதிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

யார் எடுக்கறாங்கன்னும் கவனிங்க. நர்ஸ் எடுத்தா நல்லது. வாட்ச்மேன் எடுத்து நர்ஸ் கிட்ட கொடுத்தாலும் பரவாயில்லை. வாட்ச்மேனே பதில் சொன்னா யோசிங்க.

மருந்துச்சீட்டு | 4 ஆகஸ்ட், இரவு 10.48

போனுக்கு முன்னாடி ஒண்ணு. மார்ஃபின் (கடும் வலிக்குக் கொடுக்கற மருந்து) வெச்சிருக்காங்களா? இதுக்கு ஆம், இல்லைன்னு நேரடி பதில் வாங்குங்க. "தேவைப்பட்டா ஏற்பாடு பண்ணலாம்" என்பது இல்லை என்பதற்குச் சமம். மெடிக்கல் ஷாப்ல போய் வாங்கற சரக்கு இல்லை அது. போதைப்பொருள் சட்டம் 1985, அதுக்கு 2014-ல திருத்தம், 2015-ல விதிகள். அதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் மார்ஃபினுக்கு நாலஞ்சு லைசென்ஸ் தேவைப்பட்டது. இப்போ மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரே அங்கீகாரம் கொடுத்தா போதும். அந்த அங்கீகாரம் உங்க பேர்ல இருக்கா, இல்லை வேற ஆஸ்பத்திரியோடதா, எவ்வளவு நாளைக்கான மாத்திரை ஒரு தடவைல தருவீங்க, இதைக் கேளுங்க. மலை மேல இருக்கறவங்களுக்கு மூணு நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினா, மாசம் முழுக்க பஸ்ஸுக்கே செலவு.

அடுத்து, ஏற்கனவே அங்க இருக்கற யாராவது ஒரு நோயாளியோட சீட்டை அவங்க வீட்டார் காட்டினா பாருங்க. சாதா மார்ஃபின் மாத்திரையோட வேலை நாலு மணி நேரம்தான். அதனால காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10-ன்னு நேரம் போட்டிருக்கணும். இரவு 10-க்கு ரெட்டை டோஸ் எழுதியிருந்தா எழுதினவருக்கு விஷயம் தெரியும்: நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம்னுதான் அது. நடுவுல வலி வந்தா எடுத்துக்க இன்னொரு டோஸ் தனியா எழுதியிருக்கணும், சாதாரணமா நாலு மணி நேர டோஸோட அதே அளவு. அந்தக் கூடுதல் டோஸ் ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல போச்சுன்னா அடிப்படை டோஸை ஏத்தணும்.

மலச்சிக்கல் மாத்திரை அதே சீட்டுல, முதல் நாளே இருக்கணும். பிசகோடில் மாதிரி ஏதாவது. மார்ஃபினோட தூக்கம், குமட்டல் எல்லாம் சில நாள்ல குறைஞ்சிடும், மலச்சிக்கல் கடைசி வரைக்கும் போகாது. அது இல்லாத சீட்டு அரைகுறைச் சீட்டு.

ஓட வேண்டிய சீட்டு எது? புற்று வலிக்கு "வலி வந்தா மட்டும்"னு எழுதினது. தினமும் டைக்ளோஃபினாக் ஊசி. பென்டாசோசின் ஊசி (இன்னொரு வலி மருந்து), அதுவும் மார்ஃபின் கூடவே போட்டா ஒண்ணு இன்னொண்ணோட வேலையைக் கெடுக்கும். டெக்ஸாமெத்தசோனை (ஸ்டீராய்டு மருந்து) ராத்திரி வேளைக்கு எழுதியிருந்தா, நோயாளி விடிய விடிய முழிச்சுக் கிடப்பார், அதுக்கு ஒரு தூக்க மாத்திரை சேர்ப்பாங்க.

வலிநிவாரணி | 4 ஆகஸ்ட், இரவு 11.05

மருந்துச்சீட்டு சொன்னதோட ஒட்டி, உங்க அம்மா விஷயத்துல முக்கியமானது: கருப்பை வாய்ப் புற்று பெரிசாகும்போது சிறுநீர்க் குழாய்களை அழுத்தும், கிட்னி வேலை குறையும். மார்ஃபின் உடைஞ்சு வர்ற பொருள் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். போகலைன்னா உடம்புல தேங்கும். ஓயாத தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுக்கறது, குழப்பம். அதனால மார்ஃபின் ஆரம்பிக்கும் முன்னாடி கிரியாட்டினின் ரிப்போர்ட் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை) கேட்கற குழு கையில சேருங்க. கேட்காம எழுதினா நீங்களே எடுத்துக் காட்டுங்க. முகம் சுளிச்சா அதுவும் ஒரு தகவல்தான்.

செவ்வாப்பேட்டை_கணக்கு | 5 ஆகஸ்ட், காலை 7.20

எல்லாரும் மாத்திரையைப் பத்தியே பேசறீங்க. ஆக்சிஜன் லைன், மானிட்டர், சளியை உறிஞ்சற சக்ஷன் மெஷின், 24 மணி நேர டாக்டர், இது இருக்கற இடம்தானே பாதுகாப்பு?

வலிநிவாரணி | 5 ஆகஸ்ட், காலை 8.02

அது ஐசியுவுக்கு. இங்க கேள்வி வேற.

மூச்சு வாங்கறவங்களுக்கு ஆக்சிஜன் அளவு சரியா இருந்தா சிலிண்டர் பெருசா எதுவும் பண்ணாது. முகத்துக்கு நேரா ஒரு டேபிள் ஃபேன், தலைப்பக்கம் உயர்த்தின கட்டில், குறைஞ்ச டோஸ் மார்ஃபின், இதுதான் வேலை செய்யும். கடைசி நேரத்துல தொண்டையில கொர கொரன்னு சத்தம் வரும். அப்போ சக்ஷன் டியூபை உள்ள விட்டா அவங்களுக்கு வேதனை, சத்தம் பத்து நிமிஷத்துல திரும்பி வரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, சளி சுரக்கறதைக் குறைக்க ஹயோசின் பியூடைல்புரோமைடு ஊசி போடுவாங்க. சக்ஷன் மெஷினைப் பெருமையா காட்டற இடம்னா, "எப்போ பயன்படுத்துவீங்க?"ன்னு கேளுங்க. "அடிக்கடி"ன்னு பதில் வந்தா சரியில்லை.

24 மணி நேர டாக்டரும் அப்படித்தான். அவர் பாலியேட்டிவ் (வலியையும் அவஸ்தையையும் குறைக்கற சிகிச்சை) படிச்சவரா? இந்தியப் பாலியேட்டிவ் சங்கத்தோட எட்டு வார அடிப்படைக் கோர்ஸ் இருக்கு, திருவனந்தபுரம், கோழிக்கோடு மாதிரி இடங்கள்ல தங்கிப் படிக்கற ஆறு வாரப் பயிற்சி இருக்கு. டாக்டர் ஒருத்தர், நர்ஸ் ஒருத்தராவது இதுல ஏதாவது ஒண்ணு முடிச்சிருக்கணும்.

செவ்வாப்பேட்டை_கணக்கு | 5 ஆகஸ்ட், காலை 8.10

டேபிள் ஃபேன் ஆயிரத்து சொச்சம். ஆக்சிஜன் பில் நாளைக்கு அவ்வளவு. புரியுது.

மலைமிளகு | 6 ஆகஸ்ட், காலை 6.40

போன் போட்டாச்சு. குழப்பம்தான் கூடிடுச்சு. சேலத்துல நர்ஸே எடுத்தாங்க, நல்லா பேசினாங்க, ஆனா மார்ஃபின் கிடையாது, டிரமடால் (மார்ஃபினை விட லேசான வலி மருந்து) வரைக்கும்தான். ஒரு ரூம் குழு, வலிநிவாரணி அக்கா சொன்ன கேள்வி எல்லாத்தையும் கேட்டாங்க, மார்ஃபின் இருக்கு. ஆனா மலைக்கு வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்களாம், ராத்திரி வரவே முடியாதாம்.

மருந்துச்சீட்டு | 6 ஆகஸ்ட், காலை 9.15

டிரமடாலுக்கு உச்சவரம்பு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். அதுக்கு மேல ஏத்த முடியாது. மார்ஃபினுக்கு அப்படி ஒரு எண் கிடையாது, வலியைப் பார்த்து ஏத்திட்டே போகலாம். இன்னைக்கு டிரமடாலுக்கு வலி அடங்கினாலும் அடுத்த மாசமும் அடங்கணுமே. சேலம் இடம் இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் தேர்வா வராது.

வலிநிவாரணி | 6 ஆகஸ்ட், மதியம் 1.30

ராத்திரி வர முடியாதுன்னு முன்கூட்டியே சொன்னதுக்காக அந்தக் குழுவுக்கு மதிப்பெண் போடுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மழைக்காலத்துல மண் சரிஞ்சா குப்பனூர் வழியா சுத்தி, எவன் வந்தாலும் ரெண்டு மணி நேரம். வர்றோம்னு வாக்குக் கொடுத்து வராம இருக்கறதுதான் ஆபத்து.

வராத ராத்திரிக்கு என்ன வெச்சுட்டுப் போறாங்க என்பதுதான் அடுத்த கேள்வி. வீட்டுல ஒரு பெட்டி. அதுல கூடுதல் மார்ஃபின் டோஸ், வாந்திக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், மலத்துக்கு ஆசனவாய் வழி வைக்கற மருந்து, கையுறை, நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை (பொடிச்சு புண் மேல தூவ), அடர் நிறத் துண்டு நாலஞ்சு. துண்டு எதுக்குன்னா, இந்த நோய்ல திடீர்னு நிறைய ரத்தம் போகலாம். வெள்ளைத் துணியில பார்த்தா பக்கத்துல இருக்கறவங்க பதறிப் போவாங்க, அம்மாவும் பார்ப்பாங்க. சிவப்பு, மெரூன் துண்டு போட்டா அவ்வளவு தெரியாது. இப்படி ரத்தம் போகலாம்னு உங்ககிட்ட தனியா உட்கார்ந்து சொல்ற நர்ஸ் இருந்தா அந்தக் குழுவை விடாதீங்க.

இன்னும் நல்ல குழு தோலுக்கு அடியில பட்டர்ஃபிளை ஊசி ஒண்ணு பதிச்சு வெச்சு, அதுல மருந்து ஏத்த வீட்டுல ரெண்டு பேருக்குக் கத்துக் கொடுக்கும். ஒருத்தருக்கு இல்லை, ரெண்டு பேருக்கு. ஒரே ஆள் மூணாவது ராத்திரியே அசந்து தூங்கிடுவார். மருந்து எடுத்து வெச்ச சிரிஞ்சுல பேர், அளவு எழுதி ஒட்டியிருக்கணும்.

வலிநிவாரணி | 6 ஆகஸ்ட், மதியம் 1.41

உங்க வீட்டுல எந்த மூலையில சிக்னல் வருதுன்னு பார்த்து, போனை அங்கயே சார்ஜ் போட்டு வைங்க.

அஸ்தம்பட்டி_ஃபைல் | 6 ஆகஸ்ட், இரவு 8.55

கூடவே ஒண்ணு பண்ணுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலருந்தே அதுல வீட்டுக்கே வந்து பார்க்கற பாலியேட்டிவ் சேவை ஒரு பகுதி. பலரும் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்னு நினைச்சுட்டிருக்காங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தா டிரெஸ்ஸிங், மூத்திர டியூப் மாத்தறது, பிசியோதெரபி இதுக்கு ஆள் வரும். அந்த ஒரு ரூம் குழுகிட்ட "அரசு நர்ஸோட சேர்ந்து வேலை செய்வீங்களா?"ன்னு கேளுங்க. ஒரே நோட்டுல ரெண்டு பேரும் எழுதணும். எங்க நோட்டு வேற அவங்க நோட்டு வேறன்னு சொன்னா அம்மாவுக்கு ஒரே மருந்து ரெண்டு தடவை போகும்.

மலைமிளகு | 8 ஆகஸ்ட், காலை 10.05

வீட்டுக் குழு பக்கம்தான் மனசு போகுது. ஆனா எங்களால முடியாத ஒரு வாரம், பத்து நாள் வந்தா சேலம் இடத்துல விடலாமா? நாளைக்கு நேர்ல போய்ப் பார்க்கப் போறேன். என்ன பார்க்கணும்?

வலிநிவாரணி | 8 ஆகஸ்ட், இரவு 9.10

விடலாம், மார்ஃபினை நீங்களே கொண்டு போய், அந்த டோஸ் நேரம் தவறாம கொடுப்போம்னு அவங்க ஒத்துக்கிட்டா. எழுதி வாங்குங்க.

போற நேரம் காலை பத்து மணி வேண்டாம், அப்போ எல்லா இடமும் பெருக்கித் துடைச்சு இருக்கும். மதியம் மூணுக்குப் போங்க. சொல்லிட்டுப் போக வேண்டாம். நோயாளியோட உதட்டைப் பாருங்க. வெடிச்சு, நாக்கு காய்ஞ்சு, வெள்ளை படிஞ்சிருந்தா வாய் சுத்தம் பண்ண ஆளில்லைன்னு அர்த்தம். அரை லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, ரெண்டு மணிக்கு ஒருக்கா பஞ்சால துடைக்கற வேலை அது. காசே ஆகாத வேலை, அதனாலதான் அதை வெச்சு எடை போடலாம். தண்ணி டம்ளர் கை எட்டற தூரத்துல இருக்கா, இல்லை ஜன்னல் மேல அழகா அடுக்கியிருக்கா? கூப்பிடற பெல் கட்டில்ல தொங்குதா, சுவத்துல சுத்தி வெச்சிருக்கா?

குதிகால், பின் இடுப்பு எலும்பு, காது மடல். படுக்கைப் புண் அங்கதான் ஆரம்பிக்கும். மத்தவங்க உடம்பை நீங்க பார்க்க முடியாது, ஆனா கட்டில்ல திருப்பிப் போட்ட நேரம் எழுதற தாள் இருக்கான்னு பார்க்கலாம். எல்லா நேரமும் ஒரே பேனாவுல, ஒரே சாய்வுல எழுதியிருந்தா அது ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து எழுதினது. இடுப்புக்கு அடியில ரப்பர் வளையம், குதிகாலுக்கு அடியில தண்ணி ஊத்தின கையுறை, சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கறது, இந்த மூணும் பழைய வழக்கம். மூணுமே புண்ணைக் கூட்டும்.

ஏர் பெட்டைப் பத்தித் தனியா சொல்லணும். பல இடத்துல ஏர் பெட் இருக்கும், மேல ஜமுக்காளம், அது மேல ரப்பர் ஷீட்டு, அது மேல அண்டர்பேட், பெட்ஷீட்டு. அத்தனை அடுக்குக்கு மேல படுத்தா காத்து வந்தா என்ன, போனா என்ன. ஒரு மெல்லிய துணிதான் இருக்கணும். பம்ப்ல எடைக்கேத்த மாதிரி திருகற குமிழ் இருக்கும். 40 கிலோ இருக்கற அம்மாவுக்கு அதை முழுசா திருகி வெச்சா பலகை மாதிரி ஆயிடும். உள்ளங்கையை மெத்தைக்கு அடியில, இடுப்புக்கு நேரா விட்டுப் பாருங்க. எலும்பு கையில இடிச்சா காத்து பத்தலை. ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் போடணும், அது லீவு லெட்டர் இல்லை.

ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், அதுல எத்தனை பேர் படிச்ச நர்ஸ், எத்தனை பேர் அட்டெண்டர்? இதுக்கு அவங்க "போதுமான ஆள் இருக்காங்க"ன்னு சொல்லக் கூடாது, எண் சொல்லணும்.

வலிநிவாரணி | 8 ஆகஸ்ட், இரவு 9.26

கட்டடத்தை விடுங்கன்னு முதல்ல சொன்னேன். பாத்ரூமை மட்டும் விடாதீங்க. சக்கர நாற்காலியோட போக முடியற அகலம், கைப்பிடி, வழுக்காத தரை. பளபளன்னு டைல்ஸ் போட்ட பாத்ரூம் ஈரமானா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அஸ்தம்பட்டி_ஃபைல் | 9 ஆகஸ்ட், காலை 7.50

பணம். தங்க வைக்கற இடத்துல நாள் வாடகை சொல்வாங்க. டயப்பர், அண்டர்பேட், ஏர் பெட் வாடகை, டிரெஸ்ஸிங் சாமான், ஆம்புலன்ஸ் அதுக்குள்ள அடங்குமான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. பாதி மாசத்துல உயிர் போனா முன்பணம் திரும்பி வருமா, எழுத்துல இருக்கா? மாசக் கட்டணத்தை "நன்கொடை"ன்னு ரசீது போடறாங்களா? போட்டா கணக்குல ஏதோ இடிக்குது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று சுவத்துல மாட்டியிருக்கணும். தேதியைப் படிங்க. முதியோர் இல்லம்னு பதிஞ்சுட்டு ஹாஸ்பிஸ் போர்டு வைக்கறவங்களும் இருக்காங்க.

பிரார்த்தனை விஷயம்: நம்ம பக்கம் இந்த வேலையைப் பல மத அமைப்புகள் நல்லாவே செய்யறாங்க. அம்மாவுக்கு விருப்பமில்லாத வழிபாட்டுல உட்கார வைப்பீங்களா, திருநீறு பூசிக்கலாமான்னு நேரா கேட்டா நல்ல இடம் சிரிச்சுட்டே பதில் சொல்லும்.

செவ்வாப்பேட்டை_கணக்கு | 9 ஆகஸ்ட், மதியம் 12.15

வாட்ஸப்ல ஒரு பட்டியல் சுத்துது. "ஆறு மாசம்தான்னு ரெண்டு டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தாத்தான் ஹாஸ்பிஸ்ல சேர்ப்பாங்க." அப்படியா?

மருந்துச்சீட்டு | 9 ஆகஸ்ட், மதியம் 12.40

அது அமெரிக்க மெடிகேர் காப்பீட்டு விதி. அங்க பணம் கட்டறது காப்பீடு, அதனால ஆறு மாசக் கணக்கு. இங்க அப்படி எந்த விதியும் இல்லை. வலி இருந்தா முதல் நாளே பாலியேட்டிவ் தொடங்கலாம், கீமோ ஓடிட்டு இருக்கும்போதே கூட. "கடைசி நேரம் வந்ததும் வாங்க"ன்னு திருப்பி அனுப்பற இடம் பாலியேட்டிவ் இடமே இல்லை.

வலிநிவாரணி | 10 ஆகஸ்ட், இரவு 8.20

மலைக்காரங்களுக்கு ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு.

மழை, காத்து வந்தா கரண்ட் போகும். ஏர் பெட் பம்ப் நின்னா மெத்தை இறங்கிடும். அடியில ஒரு சாதா ஃபோம் மெத்தை இருக்கட்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (கரண்ட்ல ஓடி, காத்துலருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் கொடுக்கற மெஷின்) வெச்சிருந்தா சின்ன சிலிண்டர் ஒண்ணு கைவசம் வேணும். குழு இதைத் தானா பேசுதான்னு பாருங்க.

குளிர். வாய் வழியா முழுங்க முடியாம ஃபென்டனில் பட்டை (தோல் வழியா உள்ள போற வலி மருந்து) ஒட்டினா, அது மேல வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, குமுட்டி அடுப்புக்குப் பக்கத்துல உட்கார வைக்கக் கூடாது. சூடு பட்டா மருந்து வேகமா உள்ள போய் மயக்கம், மூச்சுக் குறைவு வரும். காய்ச்சல் வந்தாலும் அதே கதை. பட்டையோட வேலை 72 மணி நேரம், ஆனா ஒட்டினதும் ஆரம்பிக்காது, பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த இடைவெளிக்கு மாத்திரையோ ஊசியோ ஏற்பாடு பண்ணாம பட்டையை மட்டும் ஒட்டிட்டுப் போற குழு அரைகுறை. மார்ஃபினே பார்க்காத உடம்புல முதல் மருந்தா பட்டை ஒட்டறதும் தப்பு.

அஸ்தம்பட்டி_ஃபைல் | 11 ஆகஸ்ட், காலை 7.05

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனா சேர்றதுக்கு முன்னாடியே கேட்கணும். வீட்டுல உயிர் பிரிஞ்சா இறப்புக் காரணச் சான்று யார் கொடுப்பாங்க? ஆஸ்பத்திரியில இறந்தா படிவம் 4, வெளிய இறந்தா 4ஏ. கடைசி நோய்க்குப் பார்த்த டாக்டர் 4ஏ-வுல கையெழுத்துப் போடணும். 21 நாளுக்குள்ள பதியணும், ஊராட்சின்னா கிராம நிர்வாக அலுவலர் கிட்ட. "எங்க டாக்டர் கையெழுத்துப் போடுவார், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு குழு சொல்லணும். இழுத்தா சரியில்லை.

சான்று இல்லாம பதறி 108-ஐக் கூப்பிட்டா அவங்க கடமைப்படி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவாங்க. வழியில உயிர் போச்சுன்னா "வரும்போதே இறப்பு"ன்னு எழுதி, போலீஸுக்குத் தகவல் போய், சில சமயம் பிரேதப் பரிசோதனை வரைக்கும் போகும். உடம்பைத் திருப்பி மலைக்கு ஏத்த 108 வராது.

மலைமிளகு | 11 ஆகஸ்ட், இரவு 9.35

கேட்டாச்சு. டாக்டர் கையெழுத்துப் போடுவாராம். ஒரு கேள்வி: சொந்தக்காரங்க எல்லாரும் வந்து பால் ஊத்தணும்னு நிப்பாங்க. தடுக்க முடியாது.

வலிநிவாரணி | 11 ஆகஸ்ட், இரவு 10.02

தடுக்க வேண்டாம். முழுங்க முடியாதவங்களுக்கு ஸ்பூன்ல ஊத்தினா மூச்சுக் குழாய்ல போய் இருமித் திணறுவாங்க. பஞ்சைப் பால்ல நனைச்சு, பிழிஞ்சு, உதட்டுல தடவச் சொல்லுங்க. எல்லாரும் தடவலாம். நர்ஸ் வந்து பெரியவங்க கிட்ட இதைச் சொன்னா கேட்பாங்க, நீங்க சொன்னா கேட்க மாட்டாங்க. குழு இந்த மாதிரி சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுமான்னு கேளுங்க. டிரிப்ஸ் ஏத்தலையான்னு கேட்பாங்க, அதுக்கும் சேர்த்துப் பேசணும்: கடைசி நாள்ல உடம்பு நீரை வெளியேத்தாது, ஏத்தற பாட்டில் நெஞ்சுலயும் கால்லயும்தான் சேரும்.

மருந்துச்சீட்டு | 12 ஆகஸ்ட், காலை 6.58

எல்லாம் முடிஞ்சப்புறம் மீதி மார்ஃபினை என்ன பண்றதுன்னு முதல் நாளே சொல்ற குழுவா பாருங்க. எண்ணிக் கொடுத்த மாத்திரை, எண்ணித் திரும்ப வாங்கிக்கணும், காலி அட்டையோட. அவங்க பதிவேட்டுல அதுக்கு இடம் இருக்கும். பக்கத்து வீட்டுல யாருக்காவது வலின்னு எடுத்துக் கொடுக்கறது, டாய்லெட்ல கொட்டறது ரெண்டும் வேண்டாம். கழட்டின ஃபென்டனில் பட்டையில இன்னும் மருந்து இருக்கும். ஒட்டற பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு, குழந்தைங்க கை எட்டாத டப்பாவுல போட்டு மூடி வெச்சு, அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்க.